முழங்காலில் வைத்த மண்

கொப்பாவேயில் மார்ச் பாதி கடந்து கோடை முடிந்துவிட்டால் காற்றின் குணமே மாறிவிடும். அதுவரை மலைக்கு அந்தப்புறம் சிலே நாட்டிலிருந்து வந்து தலைமயிரைக் கலைத்துவிட்டுப் போன காற்று, அப்புறம் தகரக் கூரையைப் பிடித்து உலுக்க ஆரம்பிக்கும். மூட்டையைக் கட்டுங்கள் என்று அதற்கு அர்த்தம். வைத்தியத்துக்கு வந்தவர்கள் குறைவார்கள். கோடை மேய்ச்சலுக்கு ஏறிய ஆட்டுக்காரர்கள் ஒவ்வொருவராக இறங்குவார்கள். பனி விழுந்து மூடிவிட்டால் இங்கே ஊர் ஒன்று இருந்ததற்கு அடையாளம், வெள்ளைக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும் புகைபோக்கிகள் மட்டும்தான்.

என் சாப்பாட்டுக்கடை வெந்நீர் ஊற்றுக் குளியல் நிலையத்துக்கு எதிரே இருக்கிறது. கடை போடலாம் என்று என்னைக் கீழே சப்பாலா நகரத்திலிருந்து கூட்டிவந்த புருஷன் இரண்டாவது கோடையிலேயே பஸ் ஏறிப் போய்விட்டான். கடை போகவில்லை, நானும் போகவில்லை. ஆட்டுக்கறிக் குழம்பும் பயறும் ரொட்டியும் போடுவேன். சாப்பிட வருகிறவர்கள் எல்லோர் மேலும் அழுகிய முட்டை வாடை அடிக்கும். கந்தக ஊற்று அப்படித்தான். முதல் வாரம் குமட்டும், இரண்டாம் வாரம் தெரியாது, ஒரு வருஷம் இருந்துவிட்டால் மூக்கு செத்துவிடும். எங்கள் ஊரில் யாருக்கும் மூக்கு கிடையாது என்று கீழேயிருந்து வரும் லாரி டிரைவர்கள் கேலி செய்வார்கள். அதில் உண்மை இருந்தது.

ரொசெந்தா நிலையத்தில், நோயாளிகளுக்கு மண் வைக்கும் மண் அறையில் வேலை பார்த்தாள். எரிமலை சாம்பல் கொட்டிய வருஷத்துக்கு முந்தைய வருஷம் நடந்ததைச் சொல்கிறேன். அப்போது மண் அறையில் இரண்டு பேர்தான், ரொசெந்தாவும் அவளுக்கு மூத்த கிளோரிந்தாவும். இரண்டு பேரும் இந்த மலையின் பூர்வகுடியான மாப்புச்சே சனம். விடிகிற நேரத்தில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு குட்டைக்குப் போவார்கள். குமிழியிட்டுக் கொதிக்கும் தண்ணீரில் எங்கே கால் வைக்கலாம், எங்கே வைத்தால் தோல் உரிந்துவரும் என்று அந்தக் கால்களுக்குத் தெரியும். இறங்குமுன் ஒரு பிடி வறுத்த கோதுமை மாவைத் தண்ணீரில் தூவி, அதன் சொந்தக்காரியிடம் அனுமதி கேட்பார்கள். தண்ணீருக்கு ஒரு சொந்தக்காரி உண்டு. கேட்காமல் எடுத்தால் அவளுக்குப் பிடிக்காது.

அடியிலிருந்து அள்ளிய சாம்பல் நிற மண்ணைக் கம்பிவலையில் தேய்த்துச் சலித்துக் கல்லையும் குச்சியையும் போக்குவார்கள். பிறகு சிமெண்டுத் தொட்டியில் ஊற்று நீருக்கு அடியில் ஊறப் போடுவார்கள். ஊறி ஊறி வெண்ணெய்ப் பதத்துக்கு வரவேண்டும். வாளியில் எடுத்து, மணிக்கட்டின் உட்பக்கத்தில் வைத்துச் சூடு பார்த்து, படுத்திருப்பவரின் முட்டியிலோ இடுப்பிலோ தோளிலோ உள்ளங்கை கனத்துக்கு அப்பி, கித்தான் துணியால் சுற்றி, மேலே கம்பளி போட்டுவிடுவார்கள். ஆள் வேர்த்துக் கொட்டுவார். நேரம் ஆனதும் ரொசெந்தா மண்ணைச் சிதறாமல் ஒரே ஏடாக உரித்தெடுப்பாள். கிளோரிந்தாவுக்கே அது வராது. ஒருவர் மேல் வைத்த மண்ணை இன்னொருவர் மேல் வைக்கமாட்டார்கள். வைத்த கையே அதைக் குட்டைக்குக் கொண்டுபோய், 'உன்னுடையதை எடுத்துக்கொள்' என்று சொல்லித் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும், அதில்தான் எல்லாமே இருக்கிறது. மண் வைத்தால் முதல் இரண்டு நாள் சுகமாக இருக்கும். மூன்றாம் நாள் வாக்கில் வலி திரும்பி வரும், முன்பைவிடக் கூடுதலாக. உடம்பு கணகணவென்று இருக்கும், தூக்கம் வராது. புதிதாக வந்தவர்கள் பயந்துபோய்ப் பெட்டியைக் கட்டுவார்கள். மண் அறைக்காரிகள் அவர்களைத் தோளில் தட்டி உட்கார வைப்பார்கள். மண் பேசுகிறது, உள்ளே கிடக்கும் நோயைக் கூப்பிடுகிறது, கூப்பிட்டால் அது சும்மா வருமா, கத்திக்கொண்டுதான் வரும் என்பார்கள். அது தாண்டினால் ஆள் எழுந்து நடப்பார். இது பொய்யில்லை, நானே எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். நிலையத்து டாக்டரம்மாகூட ஒத்துக்கொள்வார், அவர் படிப்பில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அதனால் எங்கள் ஊரில் யாருக்காவது மூன்றாம் நாள் வலி கூடினால் பக்கத்தில் இருப்பவர்களுக்குச் சந்தோஷம் வந்துவிடும்.

ரொசெந்தாவின் கைக்குப் பேர் இருந்தது. மகன் முதுகில் சுமந்து பஸ்ஸிலிருந்து இறக்கிய ஒரு அம்மாள், பருவம் முடிகிற அன்று என் கடையில் மேஜைகளை ஒதுக்கச் சொல்லி ஆடிவிட்டுப் போனாள். போகுமுன் ரொசெந்தாவின் வெடித்துப்போன விரல்களுக்கு ஒவ்வொன்றாக முத்தம் கொடுத்தாள். அடுத்த வருஷம் வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கைதான் வேண்டும் என்று கேட்டு வருவார்கள்.

அந்தக் கையை மதிக்காத ஒரே ஆள் அவள் புருஷன் பெலர்மீனோதான். அவன் ஆட்டுக்காரன். கோடை முழுக்க மேலே கொட்டிலில் தம்பி சிஸ்தோவோடு ஆடுகளைப் பார்த்துக்கொள்வான். வாரத்துக்கு ஒருமுறை குதிரையில் பாலாடைக்கட்டி ஏற்றிக்கொண்டு இறங்கி, என் கடைக்கும் டாக்டரம்மாவுக்கும் போட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கும் ரொசெந்தாவின் குடிசையில் ஒரு ராத்திரி தங்கிவிட்டுப் போவான். இறங்கும்போதே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் வருவான்.

"பெரிய பெரிய ஆளுங்கெல்லாம் அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்து சேத்துல படுக்கறாங்க ஒதிலியா. கீழ எங்க மாமன் வீட்டுப் பன்னி இதை ஓசியிலயே பண்ணுது" என்பான் என்னிடம், அவள் காதில் விழுகிற மாதிரி.

அவளும் விடமாட்டாள். "ஒருநாள் இல்லாட்டி ஒருநாள் நீ என் கட்டில்ல வந்து படுப்ப கிழவா. அன்னிக்குப் பேசிக்கறேன்" என்பாள்.

"உன் கட்டில்லதான வாராவாரம் படுக்கறேன்?"

"அந்தக் கட்டில் இல்ல, வேலைக் கட்டில்."

இங்கே கல்யாணமான மறுநாளிலிருந்தே புருஷன் கிழவன், பெண்டாட்டி கிழவி. அவர்கள் இரண்டு பேருக்கும் அப்போது அப்படியொன்றும் வயதாகிவிடவில்லை. பிள்ளை இல்லை. அதை இரண்டு பேரும் பேசமாட்டார்கள். அந்த இடத்தில் இந்தச் சண்டையைப் போட்டு நிரப்பிக்கொண்டார்கள் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

அந்த மார்ச்சில் பெலர்மீனோ வழக்கமான நாளில் வரவில்லை. பிறகு ஒரு மத்தியானம் குதிரை மேல் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி வந்தான். சரிவில் சிக்கிய ஆட்டை இழுக்கப் போய்ச் சறுக்கி, பாறையில் முட்டி இடித்து, முள்புதரில் விழுந்திருக்கிறான். முட்டியில் ஏறிய முள்ளைத் தானே பிடுங்கிப்போட்டுவிட்டு, துணியைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்திருக்கிறான். மேலே புண் காய்ந்து பொருக்குத் தட்டிவிட்டது. ஆனால் முட்டி வீங்கி, மடக்க முடியவில்லை. முள்ளில் பாதி உள்ளேயே முறிந்து நின்றிருந்தது. அது அப்போது யாருக்கும் தெரியாது.

அவனுக்கு அவசரம். இருநூறுக்கும் மேலே ஆடு. பனிக்கு முன்னால் கணவாயைத் தாண்டி இறக்கிவிட வேண்டும். குதிரையிலும் நடையிலுமாகப் பல நாள் வேலை, ஒற்றை ஆளால் முடியாது. ஆடு பனியில் மாட்டினால் அந்தக் குடும்பத்துக்கு வேறு ஒன்றும் இல்லை. சிஸ்தோ மேலே ஆட்டோடு காத்துக்கொண்டிருந்தான்.

என் கடை வாசலில் இறங்கி, நான் நீட்டிய மாத்தேக் கஷாயத்தை உறிஞ்சிக் குடித்துவிட்டு, பெலர்மீனோ பெண்டாட்டியைப் பார்த்து, "வை. உன் சேத்தைக் கொண்டாந்து வை" என்றான்.

ரொசெந்தாவின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். கல்யாணத்தன்று அவள் எப்படி இருந்தாளோ எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருந்திருப்பாள்.

மண்ணை நிலையத்துக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது என்று டாக்டரம்மா அந்த வருஷம் உத்தரவு போட்டிருந்தார். அவர் புதிது, கீழேயிருந்து அந்தக் கோடையில்தான் வந்திருந்தார். வேலைக்காரர்களின் சொந்தக்காரர்கள் யாரானாலும் தன்னிடம் உடம்பைக் காட்டிவிட்டுத்தான் மண் வைத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லி, ஒருமுறை கிளோரிந்தாவை வாளியும் கையுமாகப் பிடித்துத் திட்டியும் இருந்தார். அதனால் ரொசெந்தா தொட்டியில் நன்றாக ஊறிய மண்ணாகப் பார்த்து எடுத்து, வாளியை மூடி, போர்வைக்குள் மறைத்துக் கொண்டுவந்தாள். திறந்த புண்ணில் மண் வைக்கக் கூடாது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். பொருக்கை விரலால் தடவி, அழுத்திப் பார்த்தாள். காய்ந்துதான் இருந்தது.

நான் ரொட்டி பொரித்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அவள் ஏதோ பாடிக்கொண்டே அப்பினாள். அவள் பாடி நான் கேட்டதில்லை. பெலர்மீனோ கூரையைப் பார்த்தபடி படுத்திருந்தான், நெற்றியில் நரம்பு புடைத்திருந்தது.

"எப்படி இருக்கு கிழவா?"

"நல்லா இருக்கு."

"எப்படி நல்லா இருக்கு? சொல்லேன்."

"பன்னிங்க புத்திசாலின்னு தெரியுது" என்றான். நாங்கள் சிரித்து ஓய வெகுநேரமாயிற்று. அவள் கித்தானைச் சுற்றிவிட்டு அவன் காலடியிலேயே உட்கார்ந்து ரொட்டி தின்றாள். ஒரே ஏடாக உரித்தெடுத்த மண்ணை, இருட்டுமுன் குட்டைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த நாள் அவன் வாசல்வரை நடந்து வந்தான். உதட்டைக் கடித்துக்கொண்டுதான் நடந்தான். ஆனாலும் நடந்தான். மறுநாள் முட்டி ரொட்டி மாவு உப்புகிற மாதிரி உப்பிவிட்டது, சிவந்துவிட்டது. அவனுக்கு உடம்பு நடுங்கியது. ரொசெந்தா ஓடிப்போய்க் கிளோரிந்தாவைக் கூட்டிவந்தாள். பயந்துபோய் இல்லை, காட்டுவதற்காக. கிளோரிந்தா கையை வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏ, என்னமாப் பேசுது! உன் புருசனுக்குச் சரியான வாயாடி மண்ணு வாச்சிருக்குடி" என்றாள். "நல்லா முத்தின வலி. அதான் இந்தக் கத்து கத்துது. சூட்டைக் கொஞ்சம் கூட்டி வை."

அன்றைக்குச் சூட்டைக் கூட்டித்தான் வைத்தாள்.

சிஸ்தோ மேலேயிருந்து இறங்கி வந்தான். அவன் அதிகம் பேசாதவன், ஆனால் அன்று வாசலிலேயே நின்று பேசினான். வானம் இறங்கிவிட்டது, ஆடுகள் காலையில் மேய மாட்டேனென்று ஒண்டி நிற்கின்றன, இனித் தாங்காது என்றான். இன்னும் கொஞ்சம் பொறு, வலி வெளியே வந்துகொண்டிருக்கிறது, பாதியில் விட்டால் ஆயுசுக்கும் நொண்டிதான் என்றாள் ரொசெந்தா. அவன் அண்ணனைப் பார்த்தான். அண்ணன் கண்ணை மூடியிருந்தான்.

"டாக்டரம்மாகிட்ட ஒரு தரம் காட்டிடலாமே அண்ணி?"

"காட்டினா என்ன சொல்லும்? மண்ணு பேசுதுன்னுதான் சொல்லும். அதுக்கு முன்னாடி, எங்கேர்ந்து எடுத்தேன்னு என்னைக் கேக்கும்."

சிஸ்தோ தொப்பியை மாட்டிக்கொண்டு போனான். தனியாகவே ஆட்டை இறக்கத் தொடங்கப் போவதாக என்னிடம் சொல்லிவிட்டு, உப்புக்கண்டமும் ரொட்டியும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டான். மண் அறை நடையில் டாக்டரம்மா ரொசெந்தாவைப் பார்த்து, இந்த வாரம் பாலாடைக்கட்டி வரவில்லையே, உன் வீட்டுக்காரர் சுகம்தானே என்று கேட்டிருக்கிறார். சுகம்தான், ஆடு இறக்குகிற வேலை என்றாளாம். இதை அவளே பிற்பாடு சொன்னாள், யாரும் கேட்காமல்.

பனி ஒரு விடிகாலையில் விழ ஆரம்பித்தது. சத்தமே இல்லாமல் விழும், ஊர் செவிடாகிவிட்ட மாதிரி இருக்கும். நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தேன். ரொசெந்தா வேலைக்குப் போகுமுன் மண் வைத்துவிட்டுப் போகலாமென்று வைத்திருக்கிறாள். கித்தானைச் சுற்றும்போது அவன் அவளைப் பார்த்து, "கறுப்பி, வழிய விட்டு நில்லு" என்றானாம். கறுப்பி என்பது அவர்களுடைய மந்தைக்கு முன்னால் போகும் ஆடு. அவள் உடனே மண்ணை உரித்திருக்கிறாள். அந்த அவசரத்திலும் அது ஒரே ஏடாகத்தான் வந்தது. அதை மூலையில் கவிழ்த்திருந்த வாளி மேல் போட்டுவிட்டு என்னிடம் ஓடிவந்தாள். பொருக்கும் மண்ணோடு சேர்ந்து பெயர்ந்து வந்திருந்தது. உள்ளேயிருந்து பச்சையும் மஞ்சளுமாக வழிந்தது. முட்டியிலிருந்து தொடை வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது.

டாக்டரம்மாவைக் கூப்பிட நான்தான் ஓடினேன். அவர் குடிசை வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டார். மூக்கைச் சுளித்தார். கட்டிலுக்குப் போகாமலே, காலைப் பார்க்காமலே அவருக்குத் தெரிந்துவிட்டது. சீழ் பிடித்து அழுகிய வாடை அந்த அறை முழுக்க இருந்திருக்கிறது. எத்தனை நாளாக இருந்ததோ. நான் தினமும் ரொட்டியோடு போய்வந்தேன், கிளோரிந்தா குனிந்து கை வைத்துப் பார்த்தாள், பெண்டாட்டி அவன் பக்கத்திலேயே படுத்தாள். எங்களில் ஒருத்திக்கும் மூக்கு இல்லை. எங்களுக்கு அது ஊர் வாடை.

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எவ்வளவு நாளாகக் காய்ச்சல் என்று மட்டும் கேட்டார். ரொசெந்தா, "மண்ணு பேசுதுன்னு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள். அவர் ஊசி போட்டார். கீழே ஆஸ்பத்திரிக்கு ரேடியோவில் சொன்னார். ரொட்டி மாவு ஏற்றிவந்த லாரியைக் காலி செய்யச் சொல்லி, பின்னால் மெத்தையும் ஆட்டுத்தோலும் விரித்து அவனைக் கிடத்தினோம். மேலே தார்ப்பாய். தலையை ரொசெந்தா மடியில் வைத்துக்கொண்டாள், காலை நான் பிடித்துக்கொண்டேன். கம்பளிக்கு மேலேகூட அந்தக் காலின் சூடு தெரிந்தது.

கணவாய்க்குக் கீழே லாரி நின்றுவிட்டது. பனி சாலையை மூடியிருந்தது. பனி தள்ளும் வண்டி கீழேயிருந்து வரவேண்டும் என்று டிரைவர் சொன்னான். காத்திருந்தோம். அந்த நேரத்தில்தான் பின்னாலிருந்து மணிச்சத்தம் கேட்டது. சிஸ்தோ ஆட்டை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டான். ஆடுகள் லாரியை இரண்டு பக்கமும் உரசிக்கொண்டு, முதுகெல்லாம் பனியோடு, கத்திக்கொண்டு போயின. அதுவரை புலம்பிக்கொண்டிருந்த பெலர்மீனோ சட்டென்று அடங்கிக் காதைக் கொடுத்தான். தார்ப்பாயைத் தூக்கிக்கொண்டு சிஸ்தோவின் முகம் தெரிந்தது. புருவத்தில் பனி ஒட்டியிருந்தது.

"கறுப்பி வந்துட்டாளா?" என்றான் பெலர்மீனோ. புத்தி தெளிவாக இருந்தது.

"முன்னாடி போயிட்டாண்ணே. அவதான் வழி பண்றா."

"குட்டிங்கள நடுவுல விடு. ஓரத்துல விடாத."

"சரிண்ணே."

சிஸ்தோ அண்ணனின் காலைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், அண்ணியைப் பார்க்கவில்லை. தார்ப்பாய் விழுந்தது. மணிச்சத்தம் தூரமாகிக்கொண்டே போய் நின்றுபோனது. எவ்வளவு பனியானாலும் ஆடு போய்விட்டது, எங்கள் லாரி நின்றுகொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் கழித்து பெலர்மீனோ கூப்பிட்டான்.

"கிழவி."

"சொல்லு."

"உன் சேறு சுடுது."

"இப்ப சேறு இல்ல கிழவா. எடுத்தாச்சு."

"மொத நாளே சுட்டுச்சு. உள்ள கத்திய வச்சுத் திருகின மாதிரி."

அவள் அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது.

"நல்லா இருக்குன்னு சொன்னியே."

"சொன்னேன்."

"தினம் கேட்டேனே. தினம் நல்லா இருக்குன்னு சொன்னியே. ஏன் அப்படிச் சொன்ன?"

அவன் மூச்சை இழுத்து இழுத்துப் பேசினான். "இத்தனை வருசமா உன் வேலைய ஏசிக்கிட்டே இருந்துட்டேன். அன்னிக்கு நீ பாடிக்கிட்டே வச்ச. உன் மொகம் அப்படி இருந்துச்சு. எப்படிச் சொல்றது?"

ரொசெந்தாவின் வெடித்துக் கறுத்த கையை அவன் தேடிப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டான். அவள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள், அவன் விடவில்லை. நான் தார்ப்பாயின் கிழிசல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு எங்கே பார்ப்பது.

பனி தள்ளும் வண்டி வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. சப்பாலாவில் உடனே காலை எடுத்தார்கள், தொடைக்கு மேலே. விஷம் அதற்கு முன்பே ரத்தத்தில் ஏறிவிட்டது. கால் இல்லாமல் அவன் அதிக நாள் இருக்கவில்லை. அதற்குப் பிறகு பேசவும் இல்லை. சிஸ்தோ ஆடுகளைக் குளிர்கால மேய்ச்சலுக்குக் கொண்டுசேர்த்துவிட்டு வந்தபோது அண்ணன் பெட்டிக்குள் இருந்தான். ஆடு நல்லபடியாக இறங்கிவிட்டது என்று அவன் பெட்டிப் பக்கத்தில் நின்று சொன்னான். அவர்கள் ஊரிலேயே புதைத்தார்கள். தரை இறுகியிருந்ததால் கடப்பாரை போட வேண்டியிருந்தது.

டிசம்பரில் பனி உருகிச் சாலை திறந்து நான் மேலே ஏறியபோது ரொசெந்தாவும் அதே பஸ்ஸில் இருந்தாள். வரமாட்டாள் என்று நினைத்திருந்தேன். கீழே எனக்கு என்ன இருக்கிறது ஒதிலியாக்கா என்றாள். டாக்டரம்மா நடந்ததை யாரிடமும் சொல்லவில்லை, பேர்ப்பட்டியலில் அவள் பேர் அப்படியே இருந்தது. கிளோரிந்தா பஸ் நிற்குமிடத்துக்கே வந்து அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான்தானே சூட்டைக் கூட்டச் சொன்னேன், நான்தானே சொன்னேன் என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். ரொசெந்தா அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். அழவில்லை.

குடிசைக் கதவைப் பனி நெளித்திருந்தது, மூன்று பேருமாகச் சேர்ந்து தள்ளித் திறந்தோம். உள்ளே எல்லாம் விட்டுப்போன மாதிரியே கிடந்தது, கலைந்த கட்டில், அவன் தொப்பி, பாதி ரொட்டி. மூலையில் கவிழ்த்த வாளி. வாளி மேல் அந்த மண். குளிர்காலம் முழுக்க உறைந்து, பிறகு காய்ந்து, ஓடு மாதிரி இறுகியிருந்தது. வாளியின் அடிப்பாகத்தில் குப்புற விழாமல் மல்லாந்து கிடந்ததால் உட்பக்கம் தெரிந்தது. அவன் முட்டியின் பள்ளம் அப்படியே இருந்தது. வீங்கிய முட்டியின் பள்ளம். முட்டிச் சில்லு இருந்த இடம், ஓரத்தில் அவன் காலின் மயிர் இரண்டு, நடுவில் அந்தப் பொருக்கு.

திருப்பிக் கொடுக்காத மண் வீட்டில் இருக்கக் கூடாது, கொடுத்துவிடு என்று கிளோரிந்தா மெதுவாகச் சொன்னாள். ரொசெந்தா அதை இரண்டு கையாலும் எடுத்தாள். பள்ளத்துக்குள் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். ரொம்ப நேரம் வைத்திருந்தாள். பிறகு குட்டைக்கு நடந்தாள், நாங்கள் பின்னாலேயே போனோம். வறுத்த மாவு தூவவில்லை. உன்னுடையதை எடுத்துக்கொள் என்று சொல்லவும் இல்லை. ஓரத்தில் குந்தி, மண்ணைத் தண்ணீருக்குள் பிடித்துக்கொண்டே இருந்தாள். அது அவள் விரல்களுக்கு நடுவே கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போனது. கை சிவந்து தோல் கிளம்பும்வரை எடுக்கவில்லை. நான்தான் பிடித்து இழுத்தேன்.

மறுநாள் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வேலைக்குப் போனாள். முன்னைப் போலவே சலித்தாள், சூடு பார்த்தாள், அப்பினாள், உரித்தாள். அன்று பாடிய பாட்டை மட்டும் மறுபடி நான் கேட்கவில்லை.

அந்தப் பருவத்தின் முதல் கூட்டத்தில் பயியா பிளாங்கா நகரத்திலிருந்து ஒரு கொல்லர் வந்திருந்தார். கழுத்து கனத்த ஆள், தோளில் வலி. எல்லோரிடமும் சிரித்துப் பேசுவார். மூன்றாம் நாள் காலையில் அவருக்கு முகம் வெளுத்திருந்தது. நான் நிலையத்துக்குக் கஞ்சி கொண்டுபோயிருந்தேன். பக்கத்துக் கட்டிலில் படுத்திருந்தவர், போன வருஷமும் வந்து பழகியவர், மண் பேச ஆரம்பித்துவிட்டது, அதிர்ஷ்டக்காரர்தான் நீங்கள் என்று கொல்லரைத் தேற்றினார். கொல்லரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

"அப்படித்தானேம்மா? மண்ணு பேசுதுதானே?" என்றார் ரொசெந்தாவைப் பார்த்து. "வலியெல்லாம் பெரிசா இல்ல. நல்லாத்தான் இருக்கு. நீங்க வைங்க."

ரொசெந்தா வாளியைக் கீழே வைத்தாள். கையில் எடுத்த மண்ணை வாளியிலேயே வழித்துவிட்டாள். டாக்டரம்மாவைக் கூட்டிவரச் சொல்லி எனக்குக் கண் காட்டினாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்து அவருடைய முகத்துக்கு நேராகப் போட்டு உட்கார்ந்தாள். வேலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"மண்ணு பேசாதுங்கய்யா" என்றாள். "நீங்கதான் பேசணும். எனக்காக நல்லா இருக்குன்னு சொல்லாதீங்க. எங்க வலிக்குது, எப்படி வலிக்குது, அதைச் சொல்லுங்க. நான் கேக்கறேன்."